ரோட்டில் ஓடினால் ஏழரை ரவுண்டு கெட்டுப் போகுமா?

கேள்வி: 2025 நவம்பர் 8

என் பையனுக்கு 15 வயது. பள்ளியில் 1500, 3000 மீட்டர் ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்களில் நடக்கும் 5 கி.மீ., 10 கி.மீ. ரோடு ரேஸுக்கும் கூட்டிப் போகிறேன். "ரோட்டில் ஓட விட்டால் கிரவுண்டு வேகம் செத்துப்போகும்" என்று பி.டி. சார் திட்டுகிறார். ஓடுகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், இது உண்மையா?

நவம்பர் 9, இரவு

உங்கள் பி.டி. சார் சொல்வது தப்பு. என் மகள் பிளஸ் ஒன், வயது 16. ஜூனிலிருந்து இந்த மாதம் வரை ரோடும் ஓடினாள், கிரவுண்டும் ஓடினாள். செப்டம்பரில் வருவாய் மாவட்டப் போட்டியில் 3000 மீட்டர் 11 நிமிடம் 24 விநாடி, முதலிடம். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ரோட்டில் 5 கி.மீ.யை 17:52-இல் முடித்திருந்தாள். ரோடு வேகத்தைக் கொன்றதா, வளர்த்ததா?

நான் அறந்தாங்கிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், ஊரார் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தது மட்டும்தான். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பி.டி. சார் சொல்வது தப்பு.

நவம்பர் 10

"ஏழரை ஏழரை என்கிறீர்களே, அது என்ன?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கிரவுண்டு ஒரு சுற்று 400 மீட்டர். மூவாயிரத்துக்கு ஏழரைச் சுற்று. முடிகிற கோட்டுக்கு எதிர்ப்பக்கம், 200 மீட்டர் ஓட்டம் தொடங்குகிற இடத்தில் நிற்க வைத்துச் சுடுவார்கள். முதலில் அரைச் சுற்று, அப்புறம் முழுசாக ஏழு. பாப்பா முதல் தடவை வீட்டில் "எனக்கு ஏழரை ரவுண்டு" என்று சொன்ன வாரம், என் மாமியார் சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

சின்ன மைதானம் என்றால் கணக்கே வேறு. ஜூலையில் குறுவட்டப் போட்டி நடந்த இடம் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரை, சுற்று 200 மீட்டர்தான். பதினைந்து ரவுண்டு. பாப்பா பதினைந்தை எண்ணி முடித்து நின்றாள். மேசையில் இருந்தவர்கள், "பதினாலுதான் ஆச்சு, ஓடு ஓடு" என்று கத்த, மறுபடி ஓடினாள். நானும் எண்ணிக்கொண்டுதான் நின்றேன், எனக்கும் பதினைந்து. கடைசியில் தாளில் எழுதியது 12:40. அது 3200 மீட்டருக்கான நேரம், ஆனால் பதிவேட்டில் 3000. கடைசி ரவுண்டுக்கு மணி அடிப்பது உலக வழக்கம். அங்கே இருந்த ஒரே மணி பள்ளிக்கூடத்து மணி. அதை அடித்திருந்தால் மொத்தக் கூட்டமும் சோற்றுக்கு ஓடியிருக்கும்.

முதலிடம் வந்ததால் புகார் கொடுக்கவில்லை. இரண்டாவது வந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்றால், கொடுத்திருப்பேன்.

நவம்பர் 12

ஒருவர் மூன்றே வரியில் என் வாயை அடைத்துவிட்டார். "11:24-க்கு 3000 என்றால் கிலோமீட்டருக்கு 3:48. 17:52-க்கு 5000 என்றால் கிலோமீட்டருக்கு 3:34. உங்கள் பெண் தூரம் கூடக்கூட வேகமாக ஓடுகிறாளா?"

வகுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு மாதமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 17:52 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை. நானும்தான். 2023-இல் பாருல் சவுத்ரி 5000 மீட்டரில் போட்ட தேசிய சாதனை 15:10.35. பாப்பா அதற்கு இரண்டே முக்கால் நிமிடம் பின்னால் என்று பெட்டிக்கடைக்காரரிடம் கணக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அந்த ரேஸ் நடந்த வழியில் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். மீட்டரில் 4.8 கி.மீ. இருநூறு மீட்டரை விழுங்கியிருக்கிறார்கள்.

நவம்பர் 13

இருநூறு இல்லை, அதற்கும் மேலே.

ராத்திரி பாப்பாவிடம் 4.8 என்றேன். அவள் நோட்டிலேயே வகுத்து, "அப்பவும் 3:43 வருதுப்பா, இதுவும் பொய்" என்றாள். இன்று காலை நெடுஞ்சாலைக்குப் போய், கிலோமீட்டர் கல்லையும் நடுவில் இருக்கும் 200 மீட்டர் கற்களையும் வைத்து ஸ்கூட்டர் மீட்டரையே சோதித்தேன். கல் கணக்கில் 5 கி.மீ., மீட்டரில் 5.3. ஆக, நேற்று 4.8 காட்டிய வழி உண்மையில் நாலரை கிலோமீட்டர் சொச்சம். இப்போது வகுத்தால் கிலோமீட்டருக்கு 3:57. இதுதான் என் பெண். சந்தேகமே இல்லை.

முறைப்படி அளப்பது எப்படி என்று இதற்குள் தெரிந்துகொண்டேன். சைக்கிள் முன்சக்கரத்தில் ஒரு எண்ணி மாட்டுவார்கள். எஃகு நாடாவால் அளந்த நேர்கோட்டில் அந்தச் சைக்கிளை முன்னும் பின்னும் ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் பிடிப்பார்கள். பிறகு ரோட்டில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளப்பார்கள். அதற்கு மேலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள், எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்று. நம் பக்கத்து 5 கி.மீ.யை பேருந்து நிறுத்தத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரை என்றுதான் வைக்கிறார்கள்.

நவம்பர் 16

மாநிலப் போட்டி என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அக்டோபர் கடைசியில் நடந்தது. 12:09. பதினாலாவது இடம்.

மாவட்டத்தில் ரவுண்டுக்கு 91 விநாடி, மாநிலத்தில் 97. முதல் ஆயிரம் நன்றாகத்தான் போனாள். நாலாவது ரவுண்டில் தோள் மேலே ஏறிவிட்டது. தோள் காதை நோக்கிப் போனால் அவள் கதை முடிந்தது என்று அர்த்தம், எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பி.டி. சாருக்கு அரை மார்க் தருகிறேன். ரோட்டில் ஓடி ஓடி பாப்பாவுக்கு ஒரு பழக்கம், கூட்டத்தை விட்டு விலகி வெளியே ஓடுவது. ரோட்டில் அது குழியில் கால் விடாமல் காப்பாற்றும். கிரவுண்டில் இரண்டாவது லேனிலேயே ஒரு சுற்று ஓடினால் 407 மீட்டர். ஏழரைச் சுற்றுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் தண்டம். அன்று பாதிப் பந்தயத்தை அவள் இரண்டாவது லேனில்தான் ஓடினாள். "உள்ளே வா" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினேன். எழுபது அப்பன்மார் கத்துகிற இடத்தில் அவளுக்கு என்ன கேட்கும்?

உள்ளே வருவதிலும் ஆபத்து உண்டு. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன், 2017-இல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் என்று ஊரே கொண்டாடியது. ஓடும்போது உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார் என்று கொஞ்ச நேரத்தில் பறித்துவிட்டார்கள். இருபத்தைந்து ரவுண்டு ஓடியவருக்கு ஒரு காலடி. பாப்பா அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்துதான் உள்கோட்டுக்கே பயப்படுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்கிறாள்.

நவம்பர் 19

ஷூ பற்றிக் கேட்டவருக்கு: விலை உயர்ந்த, அடிப்பகுதி தடித்த ரோடு ஷூவைக் கிரவுண்டுக்கு வாங்காதீர்கள். 2024 நவம்பரிலிருந்து உலகத் தடகள விதிப்படி கிரவுண்டு ஓட்டம் எல்லாவற்றுக்கும் அடித்தடிமன் 20 மி.மீ. வரைதான். ரோட்டுக்கு 40 வரை போகலாம். பள்ளிப் போட்டியில் யாரும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பாப்பா ஆகஸ்டில் முதல் தடவை சிந்தெடிக் தளத்தில் வெறுங்காலோடு ஓடினாள். மண் தரையில் அப்படித்தானே பழக்கம். மத்தியானம் இரண்டு மணி, தளம் தோசைக்கல். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொப்புளம். நான்கு நாள் குதிகாலால் நடந்தாள். ஐந்தாவது நாள் ஞாயிறு, ரோடு ரேஸுக்குக் கூட்டிப் போனேன்.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. கடை இல்லை, ரேஸும் இல்லை. பாப்பாவின் நோட்டை எடுத்து எண்ணினேன்.

அது ஒரு 80 பக்க ரூல்டு நோட்டு. தேதி, தூரம், நேரம், ஒரு வரி. "காற்று எதிரே." "வயிறு வலி." "அப்பா கத்தினார்." சில தேதிகளில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கிறாள், ஓய்வு நாளாக இருக்கும்.

இந்த சீசனில் எத்தனை பந்தயம் என்று யாராவது கேட்டால் பத்து இருக்கும் என்று சொல்லியிருப்பேன். எண்ணினால் இருபது. ஜூன் 15-லிருந்து நவம்பர் 2 வரை இருபது வாரத்தில் ரோடு பதினொன்று, கிரவுண்டு ஒன்பது. குறுவட்டத்தில் ஒரே நாளில் 800, 1500, 3000 மூன்றும். கிரவுண்டு ஒன்பதும் பள்ளியும் சங்கமும் வைத்தவை, அதில் நமக்குக் கையில்லை. ரோடு பதினொன்றும் நான் ஃபார்ம் போட்டவை. மாநிலப் போட்டிக்கு முந்தைய நான்கு ஞாயிறும் 10 கி.மீ. கடைசி ஒன்றுக்கும் போட்டிக்கும் நடுவே மூன்றே நாள். "சும்மா பயிற்சி மாதிரி ஓடு" என்று சொல்லித்தான் விட்டேன். மார்பில் நம்பர் குத்திய பிறகு எந்தப் பிள்ளை சும்மா ஓடும்?

9-ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ரோடு வேகத்தைக் கொன்றது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் வைத்த ஆதாரம் நாலரை கிலோமீட்டர் ஆதாரம்.

நவம்பர் 24

வீட்டில் இதைப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமையாச்சும் பிள்ளையைத் தூங்க விடுங்கன்னு ஆடியிலேயே சொன்னேன், அதை எழுதலையா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 3

போன வாரம் பாப்பா மாடிப்படி ஏறி மேலே நின்று மூச்சு வாங்கினாள். ஏழரை ரவுண்டு ஓடுகிறவள், பதினெட்டுப் படிக்கு. ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.4. பதினைந்து வயதுக்கு மேல் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டரம்மா ஃபெர்ரிட்டினும் பார்க்கச் சொன்னார், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டுவது. 7. "சேமிப்பு காலி, இதை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாய்?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

இரும்பு குறைந்தால் ரத்தம் தூக்கிப்போகிற ஆக்சிஜன் குறையும். நூறு மீட்டர்க்காரிக்கு உடனே தெரியாது. மூவாயிரம் ஓடுகிறவளுக்கு நாலாவது ரவுண்டில் தோள் ஏறும். இரண்டாவது லேன், ரோடு, உள்கோட்டு பயம் என்று நான் இங்கே அடுக்கிய காரணங்களில் எது எத்தனை விநாடி என்று இனி யார் பிரித்துச் சொல்வது?

இதில் வேடிக்கை, பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள், 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. இலவசம். வயிற்றைப் புரட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே வீசுவார்களாம். பாப்பாவும்தான். "நம்ம ஸ்கூல் வேப்பமரம் இரும்பு மாதிரி இருக்கும்ப்பா" என்று சிரிக்கிறாள். சிரிக்கிற விஷயமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

டிசம்பர் 4

டீ, காபியை மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, இரும்பு ஏறவிடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. பரிசோதனை செய்யாமல் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதிகமானாலும் கெடுதல் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். பையனுக்கு வேண்டாமா என்று கேட்டவருக்கு: களைப்பாகவே இருந்தால் அவனுக்கும் பாருங்கள், பெண்ணுக்கு மட்டும் வருவதில்லை.

டிசம்பர் 7

வட்டம் பற்றிய திருத்தம். நோட்டில் பென்சில் வட்டம் போட்டவை ஓய்வு நாள் அல்ல. அவள் அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவை மாதவிலக்கு நாட்கள். ஒவ்வொரு மாதமும் ஏழு, எட்டு வட்டம். உதிரப்போக்கு அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இரும்பு எங்கே போனது என்பதற்குப் பாதிப் பதில் அந்த நோட்டிலேயே ஆறு மாதமாக இருந்திருக்கிறது. ஓய்வு நாள் என்று நினைத்த எனக்கு, அந்த வட்டங்களுக்குள் மூன்று ரோடு ரேஸும் ஒரு 1500-ம் இருப்பது கண்ணில் படவில்லை பாருங்கள்.

இதை எழுதலாமா என்று பாப்பாவிடம் கேட்டேன். "எழுதுங்க, நீங்க கத்தினதையும் எழுதுங்க" என்றாள். 23-ஆம் தேதியே எழுதிவிட்டேன் என்று காட்டினேன்.

இன்னொன்றும் கேட்டேன். ரோடு ரேஸ் உனக்குப் பிடிக்குமா? "பிடிக்கும். ஆனா எல்லாருக்கும் மெடல் குடுக்குறாங்க. முதல் ரெண்டு நல்லாருந்துச்சு, அப்புறம் நீங்க ஆணி அடிக்கிறதுக்காக ஓடின மாதிரி இருந்துச்சு." கடையில், கல்லாவுக்குப் பின்னால், நான் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பதினொரு ஆணி. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த மெடலை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டும் கிடைக்காது. மாநிலப் போட்டித் தாளுக்குத்தான் மதிப்பு. எனக்கும் அது தெரியும். ஆனால் பதினாலாவது இடத்துக்குத் தாளைத்தான் மாட்ட முடியும், மெடல் பளபளக்கிறது.

டிசம்பர் 28

"அப்படியானால் ரோடு கூடாது என்கிறீர்களா?" என்று கேள்வி கேட்டவரே திரும்பி வந்து கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. இதே புதுக்கோட்டையின் சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர், 2017 டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். ரோடும் கிரவுண்டும் ஒரே காலுக்குள் இருக்க முடியும். ஆனால் அவர் பதினாறு வயதில் வாராவாரம் பெட்ரோல் பங்க் வரை ஓடி அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்.

இப்போது வீட்டில் உள்ள ஏற்பாடு: மாதத்துக்கு ஒரு ரோடு. அதுவும் 5 கி.மீ.க்கு மேல் கிடையாது. கிரவுண்டுப் போட்டிக்கு முந்தைய இரண்டு ஞாயிறு எதுவும் இல்லை. ஃபார்ம் போடுவது அவள், நான் இல்லை. சரியான ஏற்பாடா என்று அடுத்த செப்டம்பரில்தான் தெரியும். பி.டி. சாரிடம் சொன்னேன், எங்கள் பி.டி. சார். "இதைத்தானே சார் ஜூலையில சொன்னேன்" என்றார். அவர் ஜூலையில் சொன்னது "ரோடு வேண்டாம்" என்று மட்டும்தான். இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2026 ஜனவரி 18

காணும் பொங்கலன்று ஊர் இளைஞர் மன்றத்தில் பெண்களுக்கு 3 கி.மீ. ஓட்டம் வைத்தார்கள். முதல் பரிசு மிக்சி, இரண்டாம் பரிசு எவர்சில்வர் அண்டா. மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம், போன வாரம் ஹீமோகுளோபின் 11.3. சேமிப்பு ஏற இன்னும் சில மாதம் பிடிக்குமாம். பாப்பாவே பெயர் கொடுத்தாள்.

நான் கத்தவில்லை. கத்த நேரமில்லை என்பதும் உண்மை. முந்தின நாள் பழைய சைக்கிளுக்கு ஒரு மீட்டர் வாங்கி மாட்டி, நெடுஞ்சாலைக் கல்லில் கணக்குப் பிடித்து, ஓட்டப் பாதையை அளந்திருந்தேன். 2.86. மன்றத்தில் போய்ச் சொன்னதும், "அண்ணே, திருப்பத்துல ரங்கோலி போட்டாச்சு, இனி நகர்த்த முடியாது" என்றார்கள். சரி, ரங்கோலிதான் எல்லைக்கோடு.

பாப்பா இரண்டாவது. தோள் கடைசி வரை கீழேயே இருந்தது. வீட்டில் இப்போது ஐந்து படி அரிசி பிடிக்கிற அண்டா இருக்கிறது, அதற்கு ஆணி தேவைப்படவில்லை. மிக்சியை வாங்கியது பக்கத்துக் கிராமத்துப் பெண், ஒன்பதாம் வகுப்பு, வெறுங்கால், கடைசி நூறு மீட்டரில் பாப்பாவைச் சைக்கிளைத் தாண்டுகிற மாதிரி தாண்டினாள். பரிசு கொடுத்து முடிந்ததும் அவள் அப்பாவைத் தேடிப் போய்ப் பிடித்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் கேள்வியே, "பிள்ளைக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் மிக்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.